பதவியில இருக்கற கவர்னர் மறுபடி ஓட்டு கேட்டு வந்தா என்ன ஆகும்? கென்டக்கி கதையை வச்சு புரிஞ்சுக்கலாம்

ஊர்லேர்ந்து சித்தப்பா ஒரு நாள் போன்ல கேட்டாரு, "ஏம்ப்பா, கவர்னருக்கு எதுக்கு எலெக்ஷன், அவரத்தான் டெல்லியிலேர்ந்து அனுப்பிடுவாங்களே"ன்னு. நியாயமான கேள்விதான். நம்ம ஊர்ல கவர்னர்னா ஜனாதிபதி நியமிக்கறவரு, கிண்டில பெரிய மாளிகையில இருப்பாரு, சட்டசபையில உரை படிப்பாரு. அதே வார்த்தைக்கு அமெரிக்காவுல அர்த்தமே வேற. அங்க கவர்னர்தான் மாநிலத்தோட ஆட்சித் தலைவர், நம்ம முதலமைச்சர் பண்ற வேலையத்தான் அவர் பண்றாரு. பட்ஜெட் போடறது, துறைகளுக்கு ஆள் போடறது, வெள்ளம் வந்தா முதல்ல போய் நிக்கறது எல்லாம் அவர்தான்.

ஆனா முதலமைச்சர்னு அப்படியே எடுத்துக்கிட்டாலும் ஒரு இடத்துல தடுக்கும். முதலமைச்சருக்கு நாம நேரா ஓட்டுப் போடறதில்ல, எம்எல்ஏவுக்குப் போடறோம், யாருக்கு மெஜாரிட்டி இருக்கோ அவங்க முதலமைச்சர் ஆகறாங்க. அங்க கவர்னருக்குன்னு தனி ஓட்டு, சட்டசபை ஆளுங்களுக்குன்னு தனி ஓட்டு. அதனால கவர்னர் ஒரு கட்சி, சட்டசபை முழுக்க எதிர்க்கட்சின்னு நாலு வருஷமும் ஓடலாம், நம்பிக்கையில்லாத் தீர்மானம் போட்டு ஆட்சியக் கவுக்கற பேச்சே கிடையாது. இத மனசுல வச்சுக்கிட்டீங்கன்னா மத்ததெல்லாம் சுலபமா புரியும்.

நான் சில வருஷம் கென்டக்கில லெக்ஸிங்டன்ல இருந்தேன், விசாவுல இருந்ததால ஓட்டு கிடையாது, ஆனா வரி உண்டு, பிள்ளை அங்கதான் கவர்மென்ட் ஸ்கூல்ல படிச்சான். அதனால 2019 கவர்னர் எலெக்ஷன ரொம்பப் பக்கத்துல இருந்து பாத்தேன். பதவியில இருக்கறவரு மறுபடி நிக்கறதுன்னா என்னன்னு சொல்லித் தர அதவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியல.

முதல்ல இந்த 'மறுபடி நிக்கறது'ங்கறதே எல்லா மாநிலத்துலயும் ஒண்ணு போல இல்ல. வர்ஜீனியாவுல ஒரு கவர்னர் அடுத்தடுத்து ரெண்டு தடவ இருக்கவே முடியாது, நாலு வருஷம் முடிஞ்சா கிளம்பணும், நடுவுல ஒருத்தர் இருந்துட்டுப் போனப்பறம் வேணா திரும்பி வரலாம். டெக்சாஸ்ல வரம்பே இல்ல, ரிக் பெர்ரி 2000 கடைசியில உக்காந்தவரு 2015 ஜனவரி வரைக்கும் இருந்தாரு. நியூ ஹாம்ப்ஷயர்லயும் வெர்மான்ட்லயும் பதவிக்காலமே ரெண்டு வருஷம்தான், ஜெயிச்ச களைப்பு தீரறதுக்குள்ள அடுத்த பிரசாரம் வந்துடும். கென்டக்கி நடுவுல இருக்கு. 1992ல அரசியல் சட்டத்தத் திருத்தற வரைக்கும் அங்கயும் வர்ஜீனியா மாதிரிதான், அப்பறம்தான் அடுத்தடுத்து ரெண்டு தடவ இருக்கலாம்னு ஆச்சு. அதப் பயன்படுத்தி முதல்ல ஜெயிச்சவரு பால் பேட்டன், 1999ல. அவரையும் சேத்து 2023 வரைக்கும் மொத்தம் அஞ்சு பேரு பதவியில இருந்துக்கிட்டே மறுபடி நின்னுருக்காங்க, மூணு பேரு ஜெயிச்சாங்க, ரெண்டு பேரு தோத்தாங்க. தோத்த ரெண்டு பேரும் ஒரே குடும்பத்துக்கிட்ட தோத்தாங்க, 2007ல எர்னி ஃபிளெட்சர் அப்பா ஸ்டீவ் பெஷியர்கிட்ட, 2019ல மேட் பெவின் மகன் ஆண்டி பெஷியர்கிட்ட.

இந்த மேட் பெவின் பதவிக்கு வந்த கதையே தனி. அமெரிக்காவுல கட்சித் தலைமை உக்காந்து வேட்பாளர் லிஸ்ட் வெளியிடறதில்ல, பிரைமரின்னு ஒரு முன்தேர்தல் நடக்கும், அந்தக் கட்சியோட வாக்காளர்களே ஓட்டுப் போட்டு யார் நம்ம வேட்பாளர்னு முடிவு பண்ணுவாங்க. கென்டக்கில அந்தக் கட்சின்னு பதிஞ்சவங்க மட்டும்தான் அந்தக் கட்சி பிரைமரில போட முடியும். அங்க பெரிய கட்சி ரெண்டுதான், ரிபப்ளிகன், டெமாக்ரட். 2015 மே மாசம் ரிபப்ளிகன் பிரைமரில பெவின் ஜெயிச்சது வெறும் 83 ஓட்டு வித்தியாசத்துல. ஒரு மாநிலம் முழுக்க, 120 கவுன்ட்டில, அதாவது நம்ம மாவட்டம் மாதிரி, ஓட்டு எண்ணி, 83. நம்ம ஊர் வார்டு எலெக்ஷன் கணக்கு மாதிரி. எதிர்த்து நின்ன ஜேம்ஸ் கோமர் மறுபடி கணக்குப் பாக்கச் சொன்னாரு, பாத்தாங்க, மாறல. அந்த 83 ஓட்டுல வேட்பாளர் ஆனவரு நவம்பர்ல டெமாக்ரட் ஜாக் கான்வேய கிட்டத்தட்ட 9 பாயின்ட், அதாவது 9 சதவீத வித்தியாசத்துல தோக்கடிச்சு கவர்னர் ஆனாரு.

இப்ப பதவியில இருக்கறவருக்கு என்ன சாதகம்னு பாருங்க. பேரு எல்லாருக்கும் தெரியும். எங்க பாலம் தொறந்தாலும் ஃபேக்டரி வந்தாலும் ரிப்பன் வெட்டற போட்டோவுல அவர் இருப்பாரு. தேர்தல் நிதி குடுக்கறவங்க நாளைக்கும் இவர்தான்னு நெனச்சா சீக்கிரம் குடுப்பாங்க. சொந்தக் கட்சிக்குள்ள பெருசா யாரும் எதிர்த்து நிக்க மாட்டாங்க. இதனாலயே கவர்னருங்க மறுபடி நின்னா பெரும்பாலும் ஜெயிக்கறாங்க, 2022ல நாடு முழுக்க மறுபடி நின்ன கவர்னர்கள்ல நவம்பர் தேர்தல்ல தோத்தது நெவாடாவோட ஸ்டீவ் சிசோலாக் ஒருத்தர் மட்டும்தான்.

பாதகம் ஒண்ணே ஒண்ணுதான், ஆனா அது பெரிய பாதகம். புதுசா வர்றவரு வாக்குறுதி குடுத்தா போதும், இருக்கறவரு கணக்கு காட்டணும். நம்ம ஊர்ல ஆன்டி இன்கம்பென்சி, அதாவது பதவியில இருக்கறவங்க மேல வர்ற வெறுப்புன்னு டிவி விவாதத்துல நாளைக்கு நாப்பது தடவ சொல்றாங்களே, அது ஏதோ காத்துல மிதக்கற மனநிலைன்னு நான் நம்பல, யாருக்கோ எதையோ பண்ணதோட கணக்குதான் அது. பெவின் விஷயத்துல அந்தக் கணக்கு எங்க ஆரம்பிச்சதுன்னு என்னால தேதியோட சொல்ல முடியும்.

2018 மார்ச் 29. கென்டக்கி தலைநகரம் ஃபிராங்க்ஃபர்ட், ரொம்பச் சின்ன ஊர். சட்டசபையில கழிவுநீர் சம்பந்தமா ஒரு மசோதா கிடந்தது, 11 பக்கம். அன்னிக்கு மதியம் ஒரு கமிட்டி மீட்டிங்ல அந்த மசோதாவோட உள்ளடக்கத்த உருவிட்டு அதே நம்பர்ல 291 பக்கத்துக்கு டீச்சருங்க பென்ஷன மாத்தற மசோதாவ வச்சாங்க. அன்னிக்கு ராத்திரிக்குள்ள ரெண்டு சபையிலயும் பாஸ். 291 பக்கத்த யாரு படிச்சிருப்பாங்க அந்த நேரத்துல, நீங்களே சொல்லுங்க. பெவின் கையெழுத்துப் போட்டு சட்டமாக்கிட்டாரு. ஜனங்க அதுக்கு சாக்கடை மசோதான்னே பேர் வச்சாங்க.

எங்க பக்கத்து வீட்டம்மா ஒரு எலிமென்டரி ஸ்கூல் டீச்சர், இருபது வருஷத்துக்கு மேல சர்வீஸ். கட்சின்னு பாத்தா ரிபப்ளிகன்தான், 2015ல பெவினுக்குப் போட்டதா அவங்களே சொல்லிருக்காங்க. மறுநாள் காலையில பனி இன்னும் போகாத குளிர்ல, சிவப்பு டீ-ஷர்ட் போட்டுக்கிட்டு, அட்டையில மார்க்கர்ல எழுதிக்கிட்டே டிரைவ்வேல நின்னாங்க. ஸ்கூல் லீவு, ஏன்னா போதுமான டீச்சர் வரல. இருபதுக்கும் மேல கவுன்ட்டில அன்னிக்கு இதான் நெலம. பென்ஷன் அவ்ளோ பெரிய விஷயமான்னு கேட்டேன். அவங்க சொன்னது எனக்கு அதுவரைக்கும் தெரியாது: கென்டக்கி டீச்சருங்களுக்கு சோஷியல் செக்யூரிட்டி கிடையாது. அமெரிக்காவுல வேலை பாக்கற கிட்டத்தட்ட எல்லாருக்கும் வயசானப்பறம் மத்திய அரசு குடுக்கற அந்த மாசப் பணம், இவங்க வேலைக்கு இல்ல, ஏன்னா மாநிலத்தோட தனி பென்ஷன் திட்டத்துல இருக்காங்க. ஆக அந்த பென்ஷன்ல கை வச்சா பின்னாடி பிடிச்சுக்க வேற கொம்பு இல்ல. மசோதாவுல பழைய டீச்சருங்களுக்கு பெரிய வெட்டு இல்லைன்னு அரசாங்கம் சொன்னது, அது ஓரளவு உண்மையும்கூட, முக்கியமான மாற்றம் 2019லேர்ந்து புதுசா சேர்றவங்களுக்குத்தான். ஆனா பண்ண விதம் இருக்கே, அதத்தான் அவங்களால ஜீரணிக்க முடியல. பேசிட்டு வெட்டிருந்தா வேற, ராத்திரியோட ராத்திரியா சாக்கடைக்குள்ள வச்சுக் குடுத்தீங்களேன்னுதான் கோபம்.

இன்னொண்ணும் நியாயமா சொல்லணும். பென்ஷன் நிதி நெசமாவே காலியாகிக்கிட்டுதான் இருந்தது, பெவினுக்கு முன்னாடி இருந்த ரெண்டு கட்சி அரசாங்கமும் வருஷக்கணக்கா போட வேண்டிய பணத்தப் போடாம விட்டதால வந்த ஓட்டை அது, பெவின் வந்து அந்த நிதிக்கு நெறைய பணம் ஒதுக்குனாரு. பிரச்சனை இருக்குன்னு அவர் சொன்னது பொய் இல்ல. பேசுன பேச்சுதான் அவர சாச்சுது. ஏப்ரல்ல டீச்சருங்க கூட்டமா ஃபிராங்க்ஃபர்ட் போனப்ப, ஸ்கூல் மூடிக் கெடந்ததால வீட்ல தனியா விடப்பட்ட ஏதோ ஒரு குழந்தைக்கு இன்னிக்கு பாலியல் கொடுமை நடந்திருக்கும்னு ரிப்போர்ட்டர்ங்ககிட்ட சொன்னாரு. ரெண்டு நாள்ல மன்னிப்புக் கேட்டு வீடியோ போட்டாரு, ஆனா அந்த வார்த்தை போனது போனதுதான். பக்கத்து வீட்டம்மா அந்த நியூஸ் பாத்த அன்னிக்கு ஒண்ணும் பேசல, பென்ஷன் ஸ்டேட்மென்ட்ட மடிச்சு டிராயர்ல வச்சுட்டு எழுந்து போயிட்டாங்க.

இந்த இடத்துலதான் ஆண்டி பெஷியர் உள்ள வர்றாரு. அமெரிக்க மாநிலங்கள்ல பல இடத்துல அட்டார்னி ஜெனரல், அதாவது மாநிலத்தோட தலைமை வக்கீல், அவரையும் ஜனங்கதான் தனியா ஓட்டுப் போட்டு எடுக்கறாங்க. கவர்னர் பெவின் ரிபப்ளிகன், அட்டார்னி ஜெனரல் பெஷியர் டெமாக்ரட், ரெண்டு பேரும் ஒரே அரசாங்கத்துல. பெஷியர் அந்த மசோதாவ எதிர்த்து கேஸ் போட்டாரு. கென்டக்கி அரசியல் சட்டப்படி எந்த மசோதாவும் ஒவ்வொரு சபையிலயும் மூணு வேற வேற நாள்ல படிக்கப்படணும், கழிவுநீர்னு படிச்சது பென்ஷனுக்குக் கணக்குல வராதுன்னு மாநில சுப்ரீம் கோர்ட் 2018 டிசம்பர்ல அந்தச் சட்டத்த ரத்து பண்ணிடுச்சு. எல்லா நீதிபதிகளும் ஒரே முடிவு. பெவின் அவசரமா சிறப்புக் கூட்டம் கூட்டுனாரு, சொந்தக் கட்சி சட்டசபையே ஒரு நாள்ல கலைஞ்சு வீட்டுக்குப் போயிடுச்சு.

அப்பறம் வந்தது 2019. பதவியில இருக்கறவருக்கு பிரைமரி சும்மா ஒரு சடங்குதான்னு சொல்வாங்க, பெவினுக்கு அதுலயே 52 சதவீதம்தான் கெடச்சுது, சொந்தக் கட்சிக்காரங்க பாதிப்பேரு கிட்ட வேற ஆளுக்குப் போட்டாங்க. அத அப்பவே எல்லாரும் கவனிச்சிருக்கணும். கூட நிக்கற துணை கவர்னர் வேட்பாளரையும் பாருங்க, கென்டக்கில ரெண்டு பேரும் ஒரே ஜோடியா நிப்பாங்க, ஒரே ஓட்டு. பெவின் நாலு வருஷம் கூட இருந்த ஜெனீன் ஹாம்ப்டன கழட்டி விட்டுட்டு வேற ஆளச் சேத்துக்கிட்டாரு. பெஷியர் யாரச் சேத்தாரு தெரியுமா, ஜாக்லின் கோல்மன், ஸ்கூல் டீச்சரா இருந்தவங்க, துணை தலைமை ஆசிரியர். எந்தக் காயத்துக்கு எந்த மருந்துன்னு தெரிஞ்சு பண்ண காரியம்.

பெவினோட பதில் என்னன்னா, இத தேசிய அரசியலா மாத்தறது. கென்டக்கி டிரம்ப்ப 2016ல 30 பாயின்ட் வித்தியாசத்துல ஜெயிக்க வச்ச மாநிலம், அதனால உள்ளூர் கணக்க விட்டுட்டு டிரம்ப்பா எதிர்ப்பான்னு கேட்டா ஜெயிச்சிடலாம்னு நெனச்சாரு. தேர்தலுக்கு மொத நாள், நவம்பர் 4, டிரம்ப்பே லெக்ஸிங்டன் ரப் அரீனாவுக்கு வந்து பேசுனாரு. அன்னிக்கு டவுன்டவுன்ல வண்டி நகரல, டிரம்ப் ஆதரவாளருங்களோட சிவப்புத் தொப்பி மயம். பெஷியர் மறந்தும் டிரம்ப்பப் பத்தி வாயத் தொறக்கல, ஸ்கூல், பென்ஷன், மெடிகெய்ட், அதாவது ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீடு, இந்த மூணுதான் காலையிலேர்ந்து ராத்திரி வரைக்கும். அவங்கப்பா கவர்னரா இருந்தப்ப விரிவாக்குன மெடிகெய்ட்ல நாலு லட்சம் பேருக்கு மேல சேந்திருந்தாங்க, அதுல வேலை பாத்தாதான் தருவோம்னு பெவின் நிபந்தனை போடப் பாத்தாரு, அந்தக் கோபமும் சேந்துக்கிச்சு.

ரிசல்ட்: பெஷியர் 7,09,890, பெவின் 7,04,754. வித்தியாசம் 5,136 ஓட்டு, அரை சதவீதம்கூட இல்ல. ஆனா எனக்கு இதவிட முக்கியமாப் படற நம்பர் வேற. அதே நாள், அதே ஓட்டுச் சீட்டுல, மாநில அளவுல இருந்த மத்த அஞ்சு பதவியும் ரிபப்ளிகன் கட்சிக்குப் போச்சு. அட்டார்னி ஜெனரலுக்கு நின்ன டேனியல் கேமரன் 15 பாயின்ட்டுல ஜெயிச்சாரு. அப்படின்னா ஆயிரக்கணக்கானவங்க மேல கவர்னருக்கு டெமாக்ரட்ட நிரப்பிட்டு, கீழ வரிசையா எல்லாத்துக்கும் ரிபப்ளிகன நிரப்பிருக்காங்க. கென்டக்கில ஒரே கட்சிக்கு மொத்தமா போட ஒரே ஒரு கட்டம் நிரப்பற வசதி உண்டு, அத விட்டுட்டு ஒவ்வொண்ணா நிரப்பிருக்காங்க. கட்சிய மாத்தல, ஒரு ஆள மட்டும் வேலையிலேர்ந்து தூக்குனாங்க. பக்கத்து வீட்டம்மாவும் அப்படித்தான் போட்டதா சொன்னாங்க.

பெவின் உடனே ஒத்துக்கல. ரீகேன்வாஸ் கேட்டாரு. இது மறு எண்ணிக்கைன்னு பலபேர் நெனக்கறாங்க, இல்ல. ஓட்டுச் சீட்ட ஒண்ணொண்ணா எடுத்து எண்ண மாட்டாங்க, ஒவ்வொரு கவுன்ட்டி அலுவலகத்துலயும் மெஷின்லேர்ந்து வந்த மொத்தக் கணக்க மறுபடி பாத்து, எழுதி அனுப்புன நம்பரோட ஒத்துப் போகுதான்னு சரி பாப்பாங்க, அவ்ளோதான். நவம்பர் 14 அன்னிக்கு நடந்தது, முடிவு மாறல, அன்னிக்கே பெவின் தோல்விய ஒத்துக்கிட்டாரு.

அந்த ஒன்பது நாளும் இருந்த பதட்டத்துக்கு ஒரு காரணம் உண்டு. கென்டக்கில கவர்னர் தேர்தல்ல தகராறுன்னா அதத் தீர்க்கற அதிகாரம் சட்டசபைக்குன்னு அரசியல் சட்டமே சொல்லுது, தேர்தல் ராத்திரியே சட்டசபையோட மேல்சபையான செனட்டோட தலைவர் அந்த வாய்ப்பப் பத்திப் பேசிட்டாரு. அந்தப் பாதையில அந்த மாநிலம் ஏற்கனவே ஒரு தடவ போயி ரத்தம் சிந்திருக்கு. 1899 தேர்தல்ல ரிபப்ளிகன் வில்லியம் டெய்லர் 2,383 ஓட்டுல ஜெயிச்சதா அறிவிச்சாங்க, தோத்த டெமாக்ரட் வில்லியம் கோபெல் சட்டசபைக்குக் கொண்டு போனாரு, அங்க விசாரணை நடந்துக்கிட்டு இருக்கறப்பவே 1900 ஜனவரி 30 அன்னிக்கு தலைமைச் செயலகத்துக்குப் பக்கத்துல அவர சுட்டுட்டாங்க. படுக்கையில கெடந்தவர ஜெயிச்சதா அறிவிச்சு பதவிப் பிரமாணம் எடுக்க வச்சாங்க, பிப்ரவரி 3 அன்னிக்கு இறந்துட்டாரு. பதவியில இருக்கறப்ப கொல்லப்பட்ட ஒரே அமெரிக்க மாநில கவர்னர் அவர்தான். இந்த வரலாறு தெரிஞ்சவங்களுக்கு 5,136ங்கற நம்பர் எவ்ளோ பயத்தக் குடுத்திருக்கும்னு யோசிங்க. 2019ல அது ஒன்பது நாள்ல அமைதியா முடிஞ்சது, சொந்தக் கட்சி ஆளுங்களே போதும் ஒத்துக்கோங்கன்னு பெவின்கிட்ட வெளிப்படையா சொன்னாங்க. அத நான் ரொம்ப மதிக்கறேன்.

நாலு வருஷம் கழிச்சு 2023ல நாற்காலியில இருந்தது பெஷியர், இப்ப கணக்கு காட்ட வேண்டியது அவர். எதிர்த்து நின்னது அதே டேனியல் கேமரன், டிரம்ப் ஆதரவோட. பெஷியர் கையக் கட்டிப் போட்ட மாதிரிதான் ஆட்சி பண்ணாரு, ஏன்னா ரெண்டு சபையும் ரிபப்ளிகன், அவர் ஒரு மசோதாவ வீட்டோ பண்ணி நிறுத்துனா அமெரிக்க மத்திய அரசுல மாதிரி மூணுல ரெண்டு பங்கு வேண்டாம், கென்டக்கில உறுப்பினர்கள்ல பாதிக்கு மேல சேந்தாலே அத முறியடிச்சிடலாம். பண்ணாங்க, திரும்பத் திரும்பப் பண்ணாங்க. ஆனா சட்டம்தான் முடங்குச்சு, கவர்னர்ங்கற ஆளு முடங்கல. கொரோனா சமயத்துல சாயங்காலம் டிவியில வந்து நிதானமாப் பேசுவாரு. 2021 டிசம்பர் 10 ராத்திரி சூறாவளி மேற்கு கென்டக்கியப் புரட்டிப் போட்டு 80 பேருக்கு மேல செத்துப் போனாங்க, மேஃபீல்டு ஊர் பாதி இல்ல, அவங்கப்பா பொறந்து வளந்த டாசன் ஸ்பிரிங்ஸும் தரைமட்டம். 2022 ஜூலையில கிழக்கு மலைப்பக்கம் வெள்ளம், 40 பேருக்கு மேல. ரெண்டு இடத்துக்கும் ஒரு தடவ போட்டோ எடுத்துட்டு வரல, வீடு கட்டி சாவி குடுக்கற வரைக்கும் போய்க்கிட்டே இருந்தாரு.

பேரிடர் நேரத்துல கவர்னருக்குக் கெடைக்கற வெளிச்சம் எதிராளிக்குக் கெடைக்காது, அது பதவியோட சாதகம்தான், ஒத்துக்கணும். ஆனா போன ரிசல்ட்டோட வச்சுப் பாத்தா, வெள்ளம் அடிச்ச பெரி, லெச்சர் கவுன்ட்டிங்க, டிரம்ப்புக்கு அள்ளிக் குடுக்கற நிலக்கரி ஊருங்க, 2019ல பெஷியர் தோத்த இடங்க, 2023ல அவருக்குப் போட்டுச்சு. மாநிலம் முழுக்க 52.5க்கு 47.5னு ஜெயிச்சாரு. 2019ல அரை சதவீதத்துக்குள்ள இருந்தது அஞ்சு பாயின்ட் ஆச்சு. அடுத்த வருஷமே அதே மாநிலம் டிரம்ப்புக்கு 30 பாயின்ட் குடுத்துச்சு.

யாராவது கவர்னர் எலெக்ஷன் நியூஸ் வந்தா இனி எப்படிப் பாக்கறதுன்னு சித்தப்பா கேட்டாரு. நான் சொன்னது இதான்: அந்த மாநிலம் ஜனாதிபதி தேர்தல்ல எந்தக் கட்சிப் பக்கம்னு முதல்ல பாக்காதீங்க. பதவியில இருக்கறவருக்கு சொந்தக் கட்சி பிரைமரில எவ்ளோ கெடச்சுதுன்னு பாருங்க, பெவினோட 52 மாதிரி இருந்தா வீட்டுக்குள்ளயே விரிசல். அவரு எந்தக் கூட்டத்த வருத்தப்பட வச்சாருன்னு பாருங்க, அந்தக் கூட்டம் எல்லா ஊர்லயும் பரவி இருக்கறவங்களான்னும் பாருங்க. டீச்சர் இல்லாத கவுன்ட்டி கென்டக்கில ஒண்ணுகூட இல்ல, 120லயும் இருக்காங்க, ஒவ்வொருத்தர் பின்னாடியும் ஒரு குடும்பமும் முப்பது பிள்ளைங்களோட அப்பா அம்மாவும் இருக்காங்க.

2027ல ஆண்டி பெஷியரால நிக்க முடியாது, ரெண்டு தடவ முடிஞ்சுது, சட்டம் விடாது. ஆக கென்டக்கில அடுத்த தேர்தல் நாற்காலியில இருக்கறவரு போட்டியில இல்லாத தேர்தல், அதுக்குக் கணக்கே வேற. ஜெயிக்கறவரு டிசம்பர்ல, பழைய பதவிக்காலம் முடியற நொடிக்கும் புதுசு ஆரம்பிக்கற நொடிக்கும் நடுவுல இடைவெளி விழக் கூடாதுன்னு நடுராத்திரி தாண்டுன உடனே உறுதிமொழி எடுப்பாரு. அந்த உறுதிமொழியில, நான் ஆயுதத்தோட யாரோடயும் ஒத்தைக்கு ஒத்தை சண்டை போட்டதில்லன்னு ஒரு வரி இன்னமும் இருக்கு. கோபெலோட ஊர்ல அந்த வரிய எடுத்துடலாம்னு எனக்குத் தோணல.